மூன்று போல்ட்டுகளும் மாமன் வீட்டுப் பத்திரிகையும்

சாமி,

நீ அனுப்பிய குரல் பதிவை மதியம் நம் போல்ட் கடையில் உட்கார்ந்துதான் கேட்டேன். "ஏம்மா, சொன்னாக் கேளு. அந்தச் சைக்கிள் நமக்கு வேண்டாம். சேலத்துல எங்கூட்டாளி ஒருத்தன் கேட்டுட்டே இருந்தான். ஞாயித்துக்கெழமை காலைல வண்டியோட வந்து எடுத்துக்குவான். ஷூவையும் சேத்துக் குடுத்துடு. பொண்ணு ஊட்டுல என்ன நெனைப்பாங்க? என் கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் ஊட்டுல கம்முனு இரு." அவ்வளவுதான். முடிவும் நீயே எடுத்து, ஏற்பாடும் நீயே செய்து, எனக்குத் தகவல் மட்டும் அனுப்பியிருக்கிறாய். போனில் பதில் சொல்ல வாயெடுத்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்; எழுத்தை நடுவில் வெட்ட முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சைக்கிளைக் கொடுக்க மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இனிமேல் வருவதெல்லாம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நான் விழுந்தது உண்மை. சங்ககிரி ரோட்டில், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்கு எதிரே. ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. நான் பிரேக் பிடித்து, வழக்கம்போல இடது குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். இந்த ஷூ எப்படி வேலை செய்கிறது என்று நம் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: அடியில் கிளீட் என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு மூன்று போல்ட்டில் நிற்கிறது, அது பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் விட்டுவிடும். அன்றைக்குத் திருப்பினேன். கால் திரும்பியது, ஷூவும் திரும்பியது, பூட்டு மட்டும் விடவில்லை. மறுபடி திருப்புவதற்குள் சைக்கிளோடு சேர்ந்து மண்ணில் சாய்ந்துவிட்டேன். லாரி டிரைவர் குதித்து ஓடிவந்தார். "ஏனுங்கம்மா, காலு சிக்கிக்கிச்சுங்களா? அசையாதீங்க, இழுத்து உடறேன்" என்று பெடலைப் பிடித்தார். "பெடலை இழுக்காதீங்க, ஷூவோட வாரைக் கழட்டுங்க" என்று படுத்த வாக்கிலேயே அவருக்கு வேலை சொன்னேன். கால் வெளியே வந்தது. ஷூ மட்டும் பெடலில் தொங்கிக்கொண்டு நின்றது. அதைத்தான் எவனோ படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

எதிர் டீக்கடையில் நின்றது உனக்குப் பார்த்த பெண்ணின் பெரியப்பாவாகவா இருக்க வேண்டும்! அவர்தான் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நல்ல மனிதர். முழங்கையில் தோல் போனது, இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். உனக்கு அவர் வழியாகச் செய்தி வந்ததுதான் உறுத்துகிறது என்று தெரிகிறது. "பொண்ணு ஊட்டுல என்ன நெனைப்பாங்க" என்று நீ கேட்டதில் பாதி வெட்கம், பாதி பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது சாமி. பதிவின் முடிவில் உன் குரல் தேய்ந்த இடத்தை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். ஆனால் நீ பயந்தாய் என்பதற்காக நான் வீட்டில் உட்கார வேண்டும் என்றால், அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவராது.

விழுந்த மறுநாளிலிருந்து வந்து பார்த்தவர்கள், போனில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இந்த வயதில் ஏன் போனாய்? பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதையே மூன்று விதமாகக் கேட்டாள். "அவளுக்கு மரை கழண்டுபோச்சு" என்று தெருவில் ஒரு பேச்சு ஓடுவதும் காதில் விழுந்தது. கழன்றது என்னவோ மரைதான், ஆனால் எனக்கில்லை. இவ்வளவு பேரில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். நிவேதா. இன்னும் இந்த வீட்டுக்கு மருமகளாக வரவில்லை; நிச்சயத்துக்குப் பிறகு என்னோடு தனியாகப் பேசியதும் அதுதான் முதல் தடவை. "அத்தை, வலி பரவால்லைங்களா?" என்று கேட்டாள். அப்புறம், "தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேனுங்க. தெனமும் வர்ற காலு அன்னிக்கு மட்டும் எப்புடிங்கத்தை வராமப் போச்சு?" என்றாள். "பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன். போனை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஷூவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஷூ என் காலுக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். பெங்களூரிலிருந்து வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய வந்தபோது சைக்கிளைக் கொண்டுவந்தாய். திரும்பிப் போகும்போது, அப்போதிருந்த ரூமில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனாய். ஷூவும் கூடவே கிடந்தது. சிறு வயதில் என் கால் அளவைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. "ஆம்பளப் பாதம்" என்பார்கள். நீயோ ஆம்பளையாகப் பிறந்தும் என் பாதத்தைத் தாண்டவில்லை. ஒருநாள் வீடு கூட்டும்போது சும்மா காலை விட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அன்று மாலை உனக்குப் போன் செய்து, "ஏன் சாமி, இதை நான் ஓட்டுனா என்ன?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தக் கடையில் நான் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகிறது என்று உனக்கே தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகிற ரிக் வண்டிகள் கர்நாடகா, ஆந்திரா, வடநாடு என்று போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகின்றன. அப்பாவும் வருடத்தில் பாதிக்கு மேல் அவற்றின் கூடவேதான். அத்தனை வண்டிகளுக்கும் போல்ட், நட்டு, வாசர் என்று எடுத்துக் கொடுத்து அனுப்பியது நான். ஆனால் எனக்கு இந்த ஊரின் மலையைக் கடை வாசலிலிருந்து தெரிகிற பக்கம் மட்டும்தான் தெரியும். காரில் போகும்போது எல்லோரும் பேசிக்கொண்டே போவார்கள். மலை எந்தப் பக்கம் போனது என்று யார் பார்த்தார்கள்? சைக்கிளில் முதல் தடவை ஊரைத் தாண்டிய காலையில், சோளக்காட்டு ஓரம் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். நம் மலை வேறு ஏதோ மலை மாதிரி நின்றது. இதன் முதுகை நான் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது. அங்கேயே நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை சாமி, அவ்வளவு சந்தோஷம். இதை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட.

அப்போது எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்து, "செவுத்தைப் புடிச்சுக்கம்மா. மொதல்ல மாட்டு. இப்பக் குதிகாலை வெளிய திருப்பு. பயப்படாத, திருப்பு" என்று கத்துவாய். நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் என் இடது தோள் உரசிய தடம் இன்னும் இருக்கிறது. வாழைமரத்தின் மேல் நான் சாய்ந்தபோது, "நல்ல வேளை, கள்ளிமேல சாயல" என்று சிரித்தாயே தவிர, சைக்கிளை விற்றுவிடு என்று அன்று சொல்லவில்லை. பயப்படாதே என்று சொல்லி என்னை ரோட்டுக்கு அனுப்பியவனே இப்போது பயந்துபோய்க் கூப்பிட்டால், நான் எந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்பது?

சரி, ஷூவுக்கு வருகிறேன். அதில் நீ ஓட்டிய பழைய கிளீட்தான் இருந்தது. முனை தேய்ந்து, உள்ளேயிருக்கிற வேறு நிறம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்படித் தெரிந்தால் மாற்ற வேண்டும் என்று நீதான் சொல்லியிருந்தாய். புதுசு ஒரு ஜோடி தபாலில் வரவழைத்தேன். வந்த பொட்டலத்தைக் கடை மேசை மேல் வைத்துப் பிரித்தேன் பார், அங்கேதான் நான் கோட்டை விட்டேன். நம் மேசை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? தட்டுத் தட்டாக போல்ட். கிளீட்டோடு வந்த குட்டி போல்ட்டுகள் உருண்டு போய் ஒரு தட்டில் விழுந்து கலந்துவிட்டன. வலது காலுக்கு மூன்றும் கிடைத்தன. இடது காலுக்கு ஒன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. மீதி இரண்டை அந்தக் குவியலிலிருந்து கண்ணாலேயே பார்த்து எடுத்தேன். மரை ஒன்று, தலையும் அதே மாதிரி. திருச்செங்கோட்டில் கிடைக்காத போல்ட்டா என்ற திமிர் வேறு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? யார் வந்து போல்ட் கேட்டாலும் நான் சொல்கிற முதல் வார்த்தையே "பழசைக் கொண்டாங்க, அளவு பாத்துத் தர்றேன்" என்பதுதான். பழைய போல்ட்டைக் காட்டாமல் ஒரு போல்ட்கூட விற்றதில்லை என்று பெயரெடுத்தவள். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு, அப்போதும் மாற்றிக்கொண்டதில்லை. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் காலுக்கு மட்டும் பழசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடுக்கிவிட்டேன்.

நிவேதா கேட்ட அன்று ஷூவைக் கவிழ்த்து, ஆலன் கீயை ஒவ்வொரு போல்ட்டாக விட்டுத் திருகிப் பார்த்தேன். கடை போல்ட் இரண்டும் நகரவே இல்லை, அவ்வளவு இறுக்கம். புதுசோடு வந்த ஒன்று மட்டும் லேசாகச் சுற்றியது. அப்புறம் கிளீட்டைக் கட்டை விரலால் தள்ளினேன். அது அசைந்தது! போல்ட் இறுகியிருக்கிறது, கிளீட் ஆடுகிறது. மூன்றையும் கழற்றி மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்த பிறகுதான் புரிந்தது. கடை போல்ட் இரண்டும் இரண்டு மரை நீளம் அதிகம். உள்ளே போய் ஷூவின் கெட்டியான அடியில் முட்டி நின்றுவிட்டன. முட்டியதால் கைக்கு இறுகியதுபோல இருந்தது. ஆனால் தலை கிளீட்டை அழுத்தவே இல்லை. சரியான ஒரே போல்ட் மட்டும் மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்த்திருக்கிறது, பாவம். நாலு நாள் தாங்கியது, அப்புறம் தளர்ந்துவிட்டது. நான் குதிகாலைத் திருப்பியபோது அந்த ஒன்றைச் சுற்றி ஷூ திரும்பியதே ஒழிய, கிளீட் பெடலிலேயே நின்றுகொண்டது. முந்தின நாளே ஒவ்வொரு மிதிக்கும் கிறீச் கிறீச் என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் சீட்டைச் சந்தேகப்பட்டு அதற்கு எண்ணெய் விட்டேன்.

ஆகவே நான் விழுந்தது வயதால் இல்லை. கால் வலுவில்லாததால் இல்லை. பொம்பளை என்பதால் கண்டிப்பாக இல்லை. இரண்டு மரை நீளத்தால் விழுந்தேன். அதைச் சரிசெய்ய சைக்கிளை விற்க வேண்டியதில்லை, போல்ட்டை மாற்றினால் போதும். தட்டைக் கொட்டி, ஒவ்வொன்றாக அளந்து, உருண்டுபோன அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டேன். இடுப்பு வலியோடு தரையில் உட்கார்ந்து தேடியதில் அரைநாள் வியாபாரம் போனது, போகட்டும்.

இப்போது உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீயும் பெங்களூரில் புதுசு வாங்கி ஓட்டுகிறாய்; கிளீட்டை மாட்டிய நாளோடு அதை மறந்துவிடுகிற ஆள் நீ. பழைய கிளீட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றி பேனாவால் கோடு போட்டுக்கொள். புதுசு அதே இடத்தில் உட்காராவிட்டால் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டிவரும். போல்ட் தலைக் குழியில் மண் அடைத்திருக்கும், அதை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு அப்புறம் கீயை விடு. மண்ணோடு விட்டால் கீ பாதிதான் இறங்கும், குழி வழவழவென்று ஆகிவிடும், பிறகு அதைக் கழற்ற நீ அழுதுகொண்டு நம் கடைக்குத்தான் வர வேண்டும். மரையில் துளி கிரீஸ் போடு, இல்லாவிட்டால் வேர்வையிலும் மழையிலும் துருப்பிடித்து அங்கேயே குடித்தனம் பண்ணிவிடும். ஆனால் கிளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவில் கிரீஸ் படக்கூடாது. ஒன்றையே முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதே. மூன்றையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ரிக்கில் செய்கிற மாதிரி ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி நிற்கிற வேலையும் வேண்டாம், அது குட்டி போல்ட். எல்லாம் முடிந்த பிறகு கையை நம்பாதே, கட்டை விரலால் கிளீட்டைத் தள்ளிப் பார். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் மறுபடி தள்ளிப் பார். கிறீச் என்று கேட்டால் அன்றே பார்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் கல்யாணமும் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய. கோபித்துக்கொள்ளாதே. நீ நல்ல பிள்ளை. ஆனால் எதையும் ஒரே மூச்சில் முடுக்கி முடித்துவிட வேண்டும் உனக்கு. ஆளைப் பிடித்தாய், நாளைச் சொன்னாய், ஷூவையும் சேர்த்துக் கொடுத்துவிடு என்றாய். முடிந்தது என்று உன் கைக்குத் தோன்றியிருக்கும். இந்தப் பக்கம் நான் அசைகிறேனா இல்லையா என்று ஒரு தடவை பார்த்தாயா? நிவேதாவிடமும் இப்படியே செய்வாய் என்றுதான் எனக்குக் கவலை. வீடு எங்கே பார்ப்பது, அவள் வேலைக்குப் போவதா வேண்டாமா, எல்லாவற்றையும் அன்பாகவே முடிவு செய்து அவளுக்குக் குரல் பதிவு அனுப்புவாய். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள், சரிங்க என்பாள். அந்தச் சரிங்கவை நம்பிவிடாதே. அவளிடம் கேள். பதில் வரும்வரை பேசாமல் இரு. எல்லோரும் ஏன் போனாய் என்று கேட்டபோது எப்படி ஆயிற்று என்று கேட்டவள் அவள். இப்படிப்பட்ட பெண் கிடைத்ததற்கு நீ சந்தோஷப்பட வேண்டும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வார்த்தையில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராய்ச்சூர்ப் பக்கம் ஏதோ காட்டில் இருக்கிறார்; ரிக் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதிக்கு, "போல்ட்டு நீளமாப் போச்சா? நீயா அளவு பாக்காம எடுத்தே?" என்று ஆச்சரியப்பட்டார். விழுந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தி. சைக்கிளை விற்கச் சொல்கிறான் உன் பையன் என்றேன். "அவன் கெடக்கறான். உனக்கு ஓட்டோணும்னா ஓட்டு. மழைல போகாத, அவ்வளவுதான்" என்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இதுதான்.

நேற்று காலை இருட்டு விலகியதும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று இடது காலைப் பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்தேன். டக், டக் என்று வந்தது. பயமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பாடி கட்டுகிற பட்டறை எதிரே வந்ததும் வேண்டுமென்றே நிறுத்தி, காலை எடுத்து அந்த மண்ணிலேயே ஊன்றினேன். அதே லாரி டிரைவர் டீக்கடையில் இருந்தார். "அம்மணி, இன்னிக்கு ஷூ காலோட வந்துருச்சுங்களே!" என்று கத்தினார். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன், கிளீட் அசையவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு போல்ட்டை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். உன் பழைய கிளீட்டில் இருந்தது, சரியான அளவு. கல்யாணத்துக்கு வரும்போது அங்கே நல்ல கடையாகப் பார்த்து இதே அளவில் ஒரு செட் வாங்கி வா. பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதே.

இன்னொன்று. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தாயிற்று. அடுத்தது உன் தாய்மாமனுக்கு. ஆட்டையாம்பட்டிக்குக் காரில் போகலாம், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று போன வாரம் சொன்னாய். வேண்டாம். உன் மாமனிடம் பேசிவிட்டேன். "சைக்கிள்லயா வார? அடி ஆத்தா! மல்லசமுத்திரம் தாண்டுனதும் ஒரு போன் போடு, ரோட்டுக்கு வந்து நிக்கறேன்" என்றார் அண்ணன். அப்பா வந்த பிறகு ஜோடியாக ஒருமுறை முறைப்படி போய்க்கொள்கிறோம். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் எல்லாம் முதுகுப் பையில் அடங்குகிறதா என்று வைத்தும் பார்த்துவிட்டேன். பத்திரிகை மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் கூட்டாளி வந்தால் வீடு பூட்டியிருக்கும். வீணாக வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று இதைப் படித்ததுமே சொல்லிவிடு. உன் அம்மா வீட்டில் இல்லை. உன் கல்யாணத்துக்கு அழைக்க மாமன் வீட்டுக்குச் சைக்கிளில் போயிருக்கிறாள்.

அம்மா